அடாப்டேஷனும் தழுவலும் ஒன்றா?

அண்மையில் வீட்டில் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகத்தை மறுபடி ஓடவிட்டோம். 2001-இல் வந்த படம். கத்திக் காயத்தில் துவண்டு கிடக்கும் கதாநாயகன் ஃப்ரோடோவை முன்னால் இருத்திக்கொண்டு, எல்ஃப் என்ற சாவில்லாத கற்பனை இனத்துப் பெண்ணான அர்வென் குதிரையை விரட்டுகிறாள். பின்னால், அவனிடம் இருக்கும் மாய மோதிரத்தைப் பறிக்க வரும் ஒன்பது கறுப்புக் குதிரைவீரர்கள். எதிரே ஆறு. சித்தப்பா மகன் சோபாவின் நுனிக்கே வந்துவிட்டான். நானோ, “குளோர்ஃபிண்டெல் எங்கடா?” என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

டோல்கீன் எழுதிய மூல நாவலில் இந்த இடத்தில் அர்வென் கிடையாது. ஃப்ரோடோவுக்குத் தன் குதிரையைக் கொடுப்பவன் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரன். ஆற்றை ஃப்ரோடோ தனியாகக் கடக்கிறான். அக்கரையில் குதிரை மேல் திரும்பி, உட்காரவே தெம்பில்லாத நிலையில், ஒன்பது பேரையும் எதிர்த்துக் குரல் கொடுப்பதும் அவன்தான். “அடாப்டேஷன்னா மாத்தத்தான் செய்வாங்க அண்ணே” என்றான் தம்பி. அந்தச் சொல்லிலேயே எங்கள் சண்டை ஒளிந்திருக்கிறது.

அடாப்டேஷனுக்கு வேர் லத்தீன். ‘அப்டுஸ்’ என்றால் பொருத்தமான. ‘அடாப்டாரே’ என்றால் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்துவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைக்கிறார் தையற்காரர். அவர் கண் முழுக்கத் தம்பியின் உடம்பில்தான். சட்டை முன்பு எப்படி இருந்தது என்பது அவருக்குக் கவலையில்லை. உயிரியலில் இதற்குத் தகவமைப்பு என்கிறோம், வேர்ப்பொருளுக்கு மிக நெருக்கமான தமிழ் அதுதான். ஆனால் ‘நாவலின் திரைத் தகவமைப்பு’ என்று எழுதினால் ஒட்டகமும் கள்ளிச்செடியும்தான் நினைவுக்கு வருகின்றன.

கலைக்குத் தமிழ் எடுத்துக்கொண்ட சொல் தழுவல். தழுவு என்றால் அணைத்துக்கொள். முல்லைக்கலியில் வரும் ஏறு தழுவலை நினைத்துப் பாருங்கள். திமிலைப் பிடித்தவன் காளை இழுத்த இழுப்புக்கெல்லாம் போகலாம், ஆனால் பிடி விடக்கூடாது. ஆக, அடாப்டேஷன் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கிற சொல், தழுவல் புறப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற சொல். தம்பி முதலாவதைப் பேசினான், நான் இரண்டாவதை.

நூல்களுக்கென்றே பழைய சொல் ஒன்றும் நம்மிடம் உண்டு: வழிநூல். முன்னொரு நூலின் வழியில் எழுதப்படும் நூல். தொல்காப்பிய மரபியல், வழிநூல் செய்யும் முறைகளைத் தொகுத்தல் (சுருக்குவது), விரித்தல், தொகைவிரி (இரண்டும் சேர்ந்தது), மொழிபெயர்த்தல் என்று நான்காகப் பிரிக்கிறது. நன்னூல் இன்னும் சுவாரசியம்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம், அதற்கு உரிமை கொடுத்தாயிற்று. ஆனால் முன்னோன் நூலின் முடிபோடு ஒத்துப்போக வேண்டும். முடிபு என்பது கதையின் கடைசிக் காட்சி அல்ல, நூல் நிலைநாட்டும் கருத்து. நன்னூல் எழுதிய பவணந்தியார் பேசுவது நூல்களைப் பற்றி. அதைச் சினிமாவுக்கு இழுப்பது என் வேலை. இழுத்தாலும் பொருந்தாமல் போகவில்லை. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தீண்டாமல், குடிசையோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறான். இதுதான் விகற்பம். கதை இம்மியும் நகரவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மேல் எனக்கிருந்த பாதிக் கோபம் போய்விடுகிறது. நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முழுசாக விட்டது தொகுத்தல், சரி. அர்வென் குதிரையேறி வந்தது விகற்பம், போகட்டும். படைத்தலைவன் ஃபாராமிர் விஷயத்தில்தான் இடிக்கிறது. எல்லோரையும் ஆசைகாட்டி இழுக்கும் அந்த மோதிரத்தை, சாலையோரம் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்கிறவன் நாவலின் ஃபாராமிர். படத்தில் அவன் ஃப்ரோடோவையும் அவன் துணைவன் சாமையும் பிடித்து, மோதிரத்தோடு தன் ஊர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான். பிறகு விட்டுவிடுகிறான் என்றாலும், ஆசைப்படாத மனிதரும் உண்டு என்ற செய்தி அங்கே போய்விட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு ஷையர், அதாவது ஃப்ரோடோவின் சொந்த ஊர். நாவலில் நான்கு ஹாபிட்டுகளும் (ஃப்ரோடோவின் குள்ள மனித இனம்) ஊர் திரும்பும்போது மரங்கள் வெட்டுண்டு, அடியாட்கள் அதிகாரம் பண்ண, ஊரே பாழாகிக் கிடக்கிறது. சொந்த ஊரை அவர்களே போராடி மீட்கிறார்கள். 2003-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஊர் விட்டுப்போனபடியே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் கோப்பையோடு உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழகான காட்சிதான். ஆனால் போர் யார் வீட்டையும் விட்டுவைக்காது என்ற நாவலின் முடிபு இதில் இல்லை. பதினொரு ஆஸ்கர் வாங்கிய படத்தைக் குறை சொல்கிறாயா என்றால், ஆமாம்.

டோல்கீனின் இன்னொரு நாவலான ‘ஹாபிட்’டை ஜாக்சன் எடுத்த மூன்று பாகங்களையும் வழிநூல் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. சுமார் முந்நூறு பக்கக் கதையை 2012 முதல் 2014 வரை கிட்டத்தட்ட எட்டு மணி நேரப் படமாக இழுத்தார்கள். மோதிர நாவலின் பின்னிணைப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, டாரியல் என்று நாவலில் இல்லாத ஒரு எல்ஃப் பெண்ணையும் சேர்த்தார்கள். இதற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது: “இருவர் நூற்கு மொருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது புடைநூ லாகும்.” இருவர் நூல்களோடும் ஓரளவு ஒத்து, மற்றதில் மாறுபடுவது புடைநூல் என்று பொருள். இங்கே இருவர் இல்லை, ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்கள். மற்றபடி கச்சிதம்.

டோல்கீனே இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறார். 1950-களின் கடைசியில் ஒரு அமெரிக்கத் திரைக்கதை அவர் கைக்கு வந்தது. 1958-இல் வரிவரியாகத் திட்டி அவர் எழுதிய கடிதம் அச்சிலும் வந்திருக்கிறது. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. எல்ஃபுகள் இலையில் சுற்றிக் கொடுக்கும் பயண ரொட்டியான லெம்பாஸை, அந்தத் திரைக்கதை ‘செறிவூட்டிய உணவு’ என்ற பொருளில் விஞ்ஞானப் பெயர் சொல்லி அழைத்திருந்தது. அவருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் லெம்பாஸுக்குக் கட்டுச்சோறு என்று பெயர் வைப்பேன். சோறு எங்கே, ரொட்டி எங்கே என்று தம்பி கேட்டால், பின்னோன் வேண்டும் விகற்பம் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.