எந்தப் படத்தில் கூட்டம் அதிகம்?

2017 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் அதிபராகப் பதவியேற்ற இரண்டொரு நாளில், ஏறக்குறைய 1,400 அமெரிக்கர்களிடம் இரண்டு படங்கள் காட்டப்பட்டன. இரண்டும் வாஷிங்டனில் உள்ள ஒரே திடலை உயரத்திலிருந்து எடுத்தவை. ஒன்று 2009இல் ஒபாமா பதவியேற்ற நாளில் எடுத்தது. திடல் கொள்ளாத கூட்டம். இன்னொன்று டிரம்ப் பதவியேற்ற நாளுடையது. ஆள் இல்லாத இடங்களில் வெள்ளை விரிப்பு பளிச்சென்று தெரிந்தது. படங்களில் பெயர் எதுவும் இல்லை. ஒரு பகுதியினரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எதில் ஆட்கள் அதிகம்? டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 100க்கு 15 பேர் காலி இடம் தெரிந்த படத்தைக் காட்டினார்கள். ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களில் அப்படிக் காட்டியவர்கள் 100க்கு 2 பேர்.

அந்த 15 பேருக்கும் கண்ணில் கோளாறு இல்லை. அதற்குச் சற்று முன்னால்தான் வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர், பதவியேற்பு விழாக்களிலேயே இதைத்தான் அதிகம் பேர் கண்டார்கள் என்று செய்தியாளர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார். அந்தப் படங்களும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்துவிட்டன. எது யாருடைய படம் என்று பலருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். கேட்டவர்கள் கூட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் சிலருக்கு அது ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்டது. தன் மனிதனை வெளியார் முன்னால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிற மனம்தான் அந்தப் படத்தின்மேல் விரல் வைத்தது.

அப்படியானால் அவர்கள் அதை உண்மையிலேயே நம்புகிறார்களா, வாயளவில் சொல்கிறார்களா? ஜான் புல்லக் என்ற அரசியல் அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்து பார்த்தது. வேலையின்மை கூடியதா குறைந்ததா என்பதுபோல, சரியான விடை உள்ள கேள்விகளையே அவர்கள் கேட்டார்கள். வழக்கம்போல இரு கட்சிக்காரர்களின் விடைகளும் வெகு தூரம் விலகி நின்றன. பிறகு, சரியாகச் சொன்னால் சிறு தொகை தருகிறோம் என்றார்கள். இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கியது. ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொன்னாலும் கொஞ்சம் பணம் உண்டு என்றதும் அது இன்னும் சுருங்கியது.

இந்தக் கடைசி முடிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கட்சி வெறி என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பெரும் பகுதி, தெரியாது என்று சொல்ல இடம் இல்லாத நிலை. வேலையின்மைக் கணக்கு எத்தனை பேருக்கு மனப்பாடமாக இருக்கும்? விடை தெரியாதபோது கையருகே இருப்பது கட்சிதான். நம் ஆட்சி என்றால் நன்றாக இருந்திருக்கும், அவர்கள் ஆட்சி என்றால் கெட்டிருக்கும். பரப்புரை செய்கிறவர்கள் விதைப்பது இந்த வெற்றிடத்தில்தான்.

ஆனால் எல்லாமே வாயளவு என்று விட்டுவிடவும் முடியாது. 2003இல் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்கு ஏழைக் குடும்பங்களுக்கான ஒரு நலத்திட்டத்தைப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு மாதம் ஏறக்குறைய 800 டாலர் தரும் தாராளமான திட்டம். மற்றவர்களுக்கு 250 டாலரோடு நிற்கும் கடுமையான திட்டம். எந்தக் கட்சி இதை ஆதரிக்கிறது என்று சொல்லாதபோது, தாராளவாத மாணவர்கள் தாராளத் திட்டத்தையும் பழமைவாத மாணவர்கள் கடுமையான திட்டத்தையும் விரும்பினார்கள். தாராளவாதிகளின் ஜனநாயகக் கட்சி ஆதரிக்கிறது, பழமைவாதிகளின் குடியரசுக் கட்சி ஆதரிக்கிறது என்று ஒரு வரி சேர்த்ததும் கணக்குத் தலைகீழானது. தங்கள் கட்சி கடுமையான திட்டத்தை ஆதரிக்கிறது என்று கேள்விப்பட்ட தாராளவாதிகள் அதையே நல்ல திட்டம் என்றார்கள். பழமைவாதிகளும் அப்படியே, எதிர்த் திசையில். முடிவெடுக்க உங்களுக்கு உதவியது எது என்று கேட்டபோது, திட்டத்தின் விவரங்கள்தான் என்றார்கள் இரு தரப்பாரும். கட்சி சொன்னதைக் கேட்டு ஆடுகிறவர்கள் எதிர்த் தரப்பினர் என்றும் சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கட்சிப் பெயர் முதலில் மனத்துக்குள் நுழைந்து, எந்த விவரம் பெரிது, எது சிறிது என்று வரிசைப்படுத்திவிடுகிறது. அதன் பிறகுதான் நாம் ‘யோசிக்க’ ஆரம்பிக்கிறோம். யோசித்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

கட்சிக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அது இன்று தேர்தல் நாளோடு முடிகிற உறவாக இல்லை. தன் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்துகொண்டால் வருத்தப்படுவேன் என்று 1960இல் சொன்னவர்கள் 100க்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினர் அப்படிச் சொன்னார்கள். சம்பந்தம் செய்துகொள்ளலாமா கூடாதா என்ற இடத்துக்குக் கட்சி வந்துவிட்டது. அந்த இடத்தில் நிற்கும் ஒன்றை யாரும் புள்ளிவிவரம் கேட்டுக் கைவிடுவதில்லை.

இதன்மேல்தான் ஊடகம் வேலை செய்கிறது. அதன் எளிய கருவி, திரும்பத் திரும்பச் சொல்வது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது மூளை விஷயத்தில் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. ஒருமுறை கேட்ட வாக்கியம் மறுமுறை காதில் விழும்போது மனத்துக்குள் சிரமமின்றி நுழைகிறது. அந்த எளிமையை மூளை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 2015இல் லிசா ஃபாசியோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குச் சேலை என்று பெயர் என்பது அவர்கள் பயன்படுத்திய வாக்கியங்களில் ஒன்று. நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் இத்தகைய வாக்கியங்களைத் திரும்பப் படித்தபோது, சரியான விடை தெரிந்தவர்களிடமும் அவற்றின் மீதான நம்பிக்கை சற்று ஏறியது. படித்தவர்களைப் பரப்புரை அண்டாது என்ற எண்ணத்தை நான் விட்டது இதை அறிந்த பிறகுதான்.

தொலைக்காட்சி மக்களை ஆட்டிவைக்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கயிறு இரு பக்கமும் இழுக்கிறது. 2020 நவம்பர் 3, அதிபர் தேர்தல் இரவு, அரிசோனா மாநிலம் டிரம்பை எதிர்த்து நின்ற பைடனுக்கு என்று, டிரம்ப் ஆதரவாளர்கள் விரும்பிப் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸ் அலைவரிசை மற்றவர்களுக்கு முன்பே அறிவித்தது. கணிப்பு சரிதான், பைடன் அங்கே சுமார் 10,500 வாக்குகளில் வென்றார். ஆனால் பார்வையாளர்கள் கொதித்தார்கள். பலர் நியூஸ்மேக்ஸ் என்ற போட்டி அலைவரிசைக்குத் தாவினார்கள். அடுத்த வாரங்களில், வாக்கு இயந்திரங்களில் மோசடி நடந்தது என்ற கதை ஃபாக்ஸ் திரையில் மீண்டும் மீண்டும் வந்தது. இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது வெளியான உள் செய்திகளில், நிகழ்ச்சி நடத்துகிறவர்களே அந்தக் கதையை நம்பவில்லை என்பதும், பார்வையாளர்களை இழப்போம் என்ற அச்சமும் எழுத்திலேயே இருந்தன. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. விசுவாசத்தை வளர்த்து வாழ்ந்த நிறுவனம், உண்மையைச் சொன்ன ஓர் இரவுக்குப் பிறகு அதே விசுவாசத்துக்குப் பயப்பட வேண்டியதாயிற்று.

பொய்யைவிட நுட்பமான கருவி ஒன்றும் உண்டு: சொல்லாமல் விடுவது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் 2020 செப்டம்பரில், ஃபாக்ஸ் நியூஸை வழக்கமாகப் பார்க்கும் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து ஒரு மாதம் சிஎன்என் பார்க்க வைத்தார்கள். பார்த்தார்களா என்று கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். அந்த மாதம் ஃபாக்ஸ் திரையில் போராட்ட வன்முறை ஓடியது. சிஎன்என் திரையில் கொரோனா ஓடியது. இரண்டும் நாட்டில் நடந்துகொண்டிருந்தவைதான். எதை எத்தனை நேரம் காட்டினார்கள் என்பதில்தான் வேறுபாடு. மாத முடிவில், சிஎன்என் பார்த்தவர்களிடம் கொரோனா பற்றிய அறிவு கூடியிருந்தது. அதிபர் முதலில் கவனிக்க வேண்டியது எது என்பதில் அவர்கள் கருத்து நகர்ந்திருந்தது. டிரம்ப் ஏதாவது தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைக் காட்டாது என்று ஒப்புக்கொண்டவர்களும் கூடியிருந்தார்கள். இவர்கள் அரசியலில் ஊறிய, பிடிவாதமான பார்வையாளர்கள். இவர்களை எதுவும் அசைக்காது என்று எண்ணியவர்களுக்கு இது பெரிய செய்தி. எனக்கு அது நம்பிக்கையாகவும் பட்டது.

மாதம் முடிந்து பணமும் நின்றது. பெரும்பாலானவர்கள் பழைய அலைவரிசைக்கே திரும்பினார்கள். பின்னொரு நாள் மறுபடி கேட்டபோது, நகர்ந்த கருத்துகளில் பெரும்பாலானவை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தன.