நிலாவெளியில் ஆல்ரவுண்ட் கைட்: காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது?

மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியில் கைட்போர்டிங் கற்றுக்கொடுக்கிறேன்; கைட் எனும் பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் விளையாட்டு அது. சொந்த ஊர் திருகோணமலையில், நிலாவெளிக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளி. அதனால் ஊர்ப் பையன்கள் கைட் வாங்கப் போகும்போது முதலில் என்னிடம்தான் வருவார்கள். “அண்ணா, பாவித்த ஆல்ரவுண்ட் கைட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் சரிவரும் என்கிறார்கள். வாங்கி நிலாவெளியிலேயே விடலாமா?”

தாராளமாக வாங்கலாம். நிலாவெளியில் விடுவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆல்ரவுண்ட் கைட் நடுத்தரமான வடிவம் கொண்டது. போட்டிக் கைட்டைப் போல ஒடுங்கி நீண்டதும் அல்ல, அலைச் சவாரிக்கென்றே செய்ததைப் போலக் கட்டையானதும் அல்ல. முன்விளிம்பில் காற்றடைத்த தடித்த குழாய், அதிலிருந்து பின்னோக்கி மூன்று அல்லது ஐந்து சிறு குழாய்கள், நடுவே துணி. பெரும்பாலும் 20 முதல் 24 மீற்றர் நீளமான நான்கு கயிறுகள் இறங்கி வருகின்றன. முன்கயிறுகளின் பாரம் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் எனும் பட்டியில் விழும். பின்கயிறுகள் கையில் பிடிக்கும் தண்டின், அதாவது பாரின், இரு முனைகளில் இருக்கும். பாரைத் தள்ளினால் பின்கயிறுகள் தளர்ந்து, கைட் காற்றை எதிர்கொள்ளும் கோணம் குறைந்து, இழுவை இறங்கும். உங்கள் பக்கம் இழுத்தால் ஏறும். பழைய ‘சி’ வடிவக் கைட்டில் இந்த வசதி மிகக் குறைவு. இப்போதைய ஆல்ரவுண்ட் கைட்டில் பாரை முழுவதும் தள்ளினால் இழுவையின் பெரும்பகுதி போய்விடும். புதியவருக்கு நான் இதையே சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் அதுதான்.

தண்ணீரில் அதன் குணம் எப்படி? நீரில் அமர்ந்து பலகையில் கால்களை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் நிற்கும் கைட்டை ஒரு பக்கமாக இறக்கும்போது இழுவை திடீரென்று வெட்டி இழுக்காமல் படிப்படியாக ஏறும். எழுந்து நிற்க அவகாசம் கிடைக்கும். ஓடத் தொடங்கியதும் கைட் தானாக முன்னேறி, அது பறக்கக்கூடிய காற்று வெளியின் ஓரத்துக்குப் போய் நிற்கும். அப்போது பலகையின் விளிம்பை நீரில் அழுத்தினால் காற்று வரும் திசையை நோக்கிச் சாய்வாக முன்னேறலாம். ஒடுங்கிய போட்டிக் கைட் அளவுக்குக் காற்றின் திசையை நெருங்கிப் போகாது. ஆனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர இது போதும்.

விற்பவர்கள் அதிகம் பேசாத ஒரு குணம், பாரில் கைக்குத் தெரியும் பாரம். ஆல்ரவுண்ட் கைட்டில் அது நடுத்தரமாக இருப்பதால், மேலே பார்க்காமலே கைட் எங்கே நிற்கிறது என்பதைக் கை உணரும். பாரம் மிகக் குறைந்த கைட்டில் புதியவர் வானத்தையே அண்ணாந்து பார்த்தபடி ஓடுவார், எதிரே நீந்துபவரின் தலை கண்ணில் படாது. கயிறு இறுகி நிற்கும்போது கத்திக்குச் சமம் என்பதால் இதை நான் சிறிய விடயமாக எடுப்பதில்லை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் போகும் சுற்றுலாப் படகுகளும், முகத்தை நீருக்குள் வைத்துப் பவளப்பாறை பார்ப்பவர்களும், கரைவலை இழுப்பவர்களும் ஒரே கடலில் இருக்கும் ஊர் நம்முடையது.

அளவு விடயத்தில்தான் ‘எல்லாவற்றுக்கும் சரிவரும்’ என்ற பேச்சு பொய்த்துப்போகிறது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 12 சதுர மீற்றர் கைட் ஏறத்தாழ மணிக்கு 24 முதல் 37 கிலோமீற்றர் வரையான காற்றில் நன்றாக ஓடும். 9 சதுர மீற்றர் கைட் 33 முதல் 48 வரை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 28 கிலோமீற்றர் காற்று 37 ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ சுமார் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. பாரைத் தள்ளிச் சமாளிக்கும் எல்லை அங்கேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று 12 ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வீசும் காற்றையெல்லாம் அதற்குள் அடக்கப் பார்ப்பது சரிவராது.

இனி நம் காற்று. நிலாவெளிக் கரை ஏறத்தாழ வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் வரும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வரும் காற்று அது. நம் மீனவர்கள் கச்சான் என்பது இதைத்தான். அது கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. கற்பிட்டியில் அதே பருவத்தில் அதே காற்று வீசுகிறது, ஆனால் அங்கே களப்பு இருக்கிறது, தவறி அடித்துச் செல்லப்பட்டாலும் கால் ஊன்ற ஒரு கரை வரும். இங்கே கச்சான் தள்ளும் திசையில் புறாத்தீவைத் தாண்டினால் ஆயிரம் கிலோமீற்றருக்குள் நிலமே கிடையாது.

கச்சான் நாளில் கடல் பார்ப்பதற்கு அழகாக இருப்பதுதான் பெரிய தொல்லை. அலை எழுவதற்குக் காற்று நீரின் மேல் ஓடத் தூரம் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் நீர் தட்டையாகக் கிடக்கும், பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். வெளியே போகப் போக அலை வளர்கிறது. தென்னை, பனை, ஹோட்டல் கட்டடங்கள் எல்லாவற்றையும் தாண்டி வரும் காற்று, கரையை ஒட்டிய பகுதியில் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். ஓய்ந்த நொடியில் கைட் பின்வாங்கித் தொங்கும். புதியவர் பயந்து பாரை இழுப்பார். அது இன்னும் பின்வாங்கும். அடுத்த வீச்சு வரும்போது பார் உள்ளே இழுபட்ட நிலையில் இருப்பதால் முழு இழுவையும் ஒரேயடியாக விழும். கைட் தொங்கும்போது பாரைத் தள்ள வேண்டும் என்பதைக் கை பழகும்வரை இந்தக் காற்றில் யாரையும் நான் இறக்கமாட்டேன்.

சரி, கைட் நீரில் விழுந்துவிட்டது. மீண்டும் எழாதா? எழும். நீரிலிருந்து கைட் எழ வேண்டும் என்பதற்காகவே பிரான்சின் லெகென்யூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய் வைத்த வடிவத்தைச் செய்து 1984 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஒரு பின்கயிற்றை இழுத்துப் பிடித்தால் கைட் ஓரத்துக்கு நகர்ந்து, சிறகு நுனி காற்றைப் பிடித்து, எழுந்துவிடும். ஆல்ரவுண்ட் கைட்டின் மிகப் பெரிய பலம் இது. ஆனால் அதற்கும் காற்று வேண்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிக் கச்சானோடு மோதும் நாட்களில், இரண்டும் ஓய்ந்து நிற்கும் இடைவெளி ஒன்று வரும். அந்த நேரத்தில் 12 சதுர மீற்றர் துணி நீரில் படுத்தபடியே கிடக்கும்.

அதற்கு அடுத்த வழி சுயமீட்பு. பாருக்கு அருகிலுள்ள அவசர விடுவிப்பு எனும் பூட்டைத் தள்ளிக் கைட்டின் இழுவையை முற்றாக நீக்கி, அதன் பிறகும் உங்களைக் கைட்டோடு இணைத்திருக்கும் பாதுகாப்புக் கயிற்றின் வழியே முன்னேறி, கயிறுகளைப் பாரில் சுற்றிக் கட்டி, கைட்டை அடைந்து, சிறகு நுனிகளைப் பிடித்துப் பாய்போல் விரித்து மிதந்து வருவது. எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் இதைக் கற்பிக்கிறோம், நானும் கற்பிக்கிறேன். அந்தப் பாய் காற்று போகும் திசைக்கே போகும், சற்றுச் சாய்த்து ஓட்டலாம், எதிரே திருப்ப முடியாது. கற்பிட்டியில் அது உங்களைக் கரை சேர்க்கும். கச்சான் நாளில் நிலாவெளியில் அதே செயல் உங்களை இன்னும் வேகமாக வங்கக் கடலுக்குள் கொண்டுபோகும்.

வடகீழ் பருவத்தில், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை, காற்று நேர் எதிராகக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். தொலைந்துபோகும் பயம் இல்லை. ஆனால் கரையில் உடையும் அலையைத் தாண்டி வெளியேறுவது கடினம், வீச்சு வந்தால் மரத்திலோ மதிலிலோ கொண்டு மோதும். மழைமுகில் ஒன்று நெருங்கும்போது காற்று சில நிமிடங்களில் இரட்டிப்பாகலாம். கரைக்குப் பக்கவாட்டாக, சற்றே கரையை நோக்கி வீசும் காற்றுதான் கற்பவருக்கு நல்லது. அப்படிப்பட்ட நாட்கள் இங்கு அமையும்போது போகலாம், அமையாத நாளில் கைட் பையிலேயே இருக்கட்டும். துறைமுகத்துக்கும் சீனன்குடா விமானத் தளத்துக்கும் அருகே எந்தக் காற்றிலும் வேண்டாம்.

பாவித்த கைட்டில் துணியின் ஒட்டுகளை எல்லோரும் பார்ப்பார்கள், கயிற்றை அளப்பவர் குறைவு. முன்கயிறுகள் அதிக பாரம் தாங்குவதால் காலப்போக்கில் நீண்டுவிடும். அதன் விளைவாகப் பின்கயிறுகள் குட்டையாகி, பாரை முழுதாகத் தள்ளினாலும் கைட் பின்வாங்கித் தொங்கும். நான்கு முனைகளையும் ஒரு தூணில் மாட்டி, பாரை உங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தால் நான்கு கயிறுகளும் ஒரே அளவில் இறுகி நிற்க வேண்டும். அவசர விடுவிப்பு மணலும் உப்பும் அடைபடாமல் ஒரே தள்ளலில் திறக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். அதற்கான சர்வதேசத் தரம், ஐஎஸ்ஓ 21853, வந்ததே 2020 இல்தான். அதற்கு முந்தைய பாரோடு வருகிற கைட் என்றால் பாரை மட்டும் புதிதாக வாங்கச் சொல்வேன்.

கச்சானில் போயே தீருவேன் என்கிற அனுபவசாலிகள் ஒரு ஃபைபர் படகை இயந்திரத்தோடும் ஓட்டுநரோடும் கரையில் தயாராக வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கடலில் வேறு ஒருவர் சிக்கிக்கொண்டதைக் கரையிலிருந்து பார்த்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119 ஐ அழைக்கலாம், ஆனால் முதலில் போய்ச் சேரக்கூடியது பக்கத்தில் நிற்கும் மீனவர் படகுதான். ஆகவே இறங்கும் முன் படகுக்கார நானாவிடமோ அண்ணாவிடமோ சில வார்த்தைகள் பேசிவைக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினால் உதவி தேவை என்று பொருள். கைட் மிதக்கும், தூரத்திலிருந்தே தெரியும், அதனால் அது இழுத்துச் செல்லாதவரை நான் அதை விட்டு நீந்தமாட்டேன். படகு வரும்போது கைட் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து ஆள் இருக்கும் பக்கமாக வர வேண்டும். கயிறுகள் பாரில் சுற்றி முடிந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே நெருங்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆளை ஏற்ற வேண்டும். கைட்டை முன்குழாயில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மிதக்கும் கயிறு சுழலும் விசிறியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், படகும் கச்சானில் அடித்துச் செல்லப்படும்.