கிரியேச்சர் ஃபீச்சர் - கொடுவிலங்குப் படம்

ராட்சத முதலையோ இரண்டு தலைச் சுறாவோ தண்ணீரிலிருந்து கிளம்பி வந்து ஆட்களைக் கடித்துத் தின்னும் படங்களை ஆங்கிலத்தில் 'கிரியேச்சர் ஃபீச்சர்' என்பார்கள். நம்மில் பலர் இவற்றையும் பேய்ப் படக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது சரியில்லை. பேய்ப் படம் என்றால் செத்தவர் திரும்பி வர வேண்டும். இங்கே வருவது பசியெடுத்த ஓர் உயிர்.

'கிரியேச்சர்' லத்தீன் வழிச் சொல். படைக்கப்பட்டது என்று பொருள். தமிழ் பைபிளில் 'சர்வ சிருஷ்டிக்கும்' என்று வரும் இடத்தில் (மாற்கு 16:15) பழைய ஆங்கில பைபிளில் இருப்பது இதே சொல்தான். அதில் துளி பயம் கிடையாது. 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் மனிதன் தன் கையால் உண்டாக்கிய உருவத்துக்கும் இதே பெயர். சொல்லுக்குள் திகில் குடியேறியதில் அந்த நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். 'ஃபீச்சர்' என்பது முழுநீளப் படம், அவ்வளவுதான்.

இந்தப் பெயர் நிலைத்ததில் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய திகில், மர்மப் படங்கள் 52-ஐ 'ஷாக்' என்ற பெயரில் மொத்தமாக அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுத்தது. இரவுநேரத் திகில் பட நிகழ்ச்சிகள் பெருகின. 1971-இல் கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லாந்தின் கேடிவியு தொலைக்காட்சி நிலையம் தன் நிகழ்ச்சிக்கே 'கிரியேச்சர் ஃபீச்சர்ஸ்' என்று பெயர் வைத்தது.

அப்புறம் தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படங்கள் வந்தன. சைஃபை சேனலில் வந்த 'ஷார்க்டோபஸ்' (2010), 'ஷார்க்நேடோ' (2013) எல்லாம் இந்த வகை. பட்ஜெட் சின்னது, ஜந்துவை முழுசாகக் காட்டினால் கிராஃபிக்ஸ் செலவு ஏறிவிடும். அதனால் முதலில் துடுப்பு மட்டும் தெரியும். குளிப்பவர் காலை ஏதோ உரசும். சட்டென்று உள்ளே இழுபடுவார், தண்ணீர் சிவக்கும், கரையில் நிற்பவர் அலறுவார், விளம்பரம் வந்துவிடும். இந்தச் சிக்கனத்தில் நல்ல கைத்திறன் இருக்கிறது. எனக்கு இந்தப் படங்கள் பிடிப்பதும் அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'படைப்புப் படம்' என்றால் யாருக்கும் புரியாது. 'ஜந்து' வாயில் புழங்கும் சொல். 'விஷ ஜந்து' என்னும்போதே உடம்பு கூசும். பேச்சுக்கு 'ஜந்துப் படம்' போதும். எழுத்தில் நான் எடுத்துக்கொள்வது 'கொடுவிலங்குப் படம்'. விலங்கு என்றால் நாலுகால் மிருகம்தானே, சுறாவும் பாம்பும் எப்படி அடங்கும் என்று கேட்கலாம். 'விலங்கு' என்பதற்குக் குறுக்கானது என்று பொருள். மனிதனைப்போல் நிமிர்ந்து நிற்காமல், உடல் கிடைமட்டமாக இருக்க நகர்வதால் மிருகத்துக்கு அந்தப் பெயர். அந்தக் கணக்கில் சுறா, பாம்பு, முதலை எல்லாமே விலங்குதான். தொலைக்காட்சிக்காக எடுத்தவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டுமென்றால் 'சின்னத்திரைக் கொடுவிலங்குப் படம்' எனலாம்.