சுரங்கம் மூடிய பின்னும் ஆறு ஏன் சிவக்கிறது?

பழைய சுரங்கங்கள் நிறைந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குழந்தைகளோடு நடக்கப் போகிறவர்களை முதலில் வியக்க வைப்பது, மலைப்பகுதியாக இருந்தும் பாதை பெரும்பாலும் மூச்சு வாங்க வைக்காததுதான். இது தற்செயல் அன்று. அந்தப் பாதைகளில் பலவும் மனிதர் நடப்பதற்காக வெட்டப்பட்டவை அல்ல. தாது ஏற்றிய வண்டிகளைக் குதிரைகளும் பின்னாளில் சிறிய ரயில் எஞ்சின்களும் இழுப்பதற்காகப் போடப்பட்ட தடங்கள். சுமை ஏற்றிய வண்டி இறக்கத்தில் அதிக முயற்சியின்றி இறங்க வேண்டும், காலி வண்டியைக் குதிரை திரும்ப மேலே இழுக்கவும் முடிய வேண்டும் என்பதால், மலையின் இடுப்பைச் சுற்றி வளைத்து, மிக மெல்ல ஏறும்படி அவற்றை அமைத்தார்கள். வேறு சில பாதைகள், நீர்ச்சக்கரங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்களின் கரைகள்; அவற்றின் சரிவு கண்ணுக்கே தெரியாது. குழந்தை சிணுங்காமல் நடக்கிறதென்றால், அதற்கு நாம் அந்தக் குதிரைகளுக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

சுரங்கங்கள் ஏன் ஆற்றை ஒட்டி அமைந்தன என்பதற்கும் தண்ணீரே காரணம். ஆறு மலையை அறுத்துக்கொண்டு இறங்கும்போது, பாறைக்குள் மறைந்து கிடந்த தாது அடுக்குகளை வெளியே காட்டியது. வெட்டிய தாதுவை இடிக்கவும் கழுவவும் அதே ஆற்று நீர் பயன்பட்டது. ஜெர்மன் அறிஞர் கியோர்கியஸ் அக்ரிகோலா 1556-இல் வெளியான தம் நூலில், தாது கழுவிய நீர் ஓடைகளை நஞ்சாக்கி மீன்களைக் கொல்கிறது என்று சுரங்கத் தொழிலை எதிர்த்தவர்கள் சொன்ன புகாரைப் பதிவு செய்திருக்கிறார். ஆற்று மாசு குறித்த வழக்கு நாம் நினைப்பதைவிடப் பழையது.

ஆனால் சுரங்கத்துக்குள் இருந்தவருக்குத் தண்ணீர் எதிரி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டியவுடன் குழி நிரம்பத் தொடங்கும். அதற்கு அவர்கள் கண்ட எளிய வழி வடிகால் சுரங்கம்: ஆற்று மட்டத்துக்குச் சற்று மேலே மலைச்சரிவில் தொடங்கி, உள்ளே போகப் போக மெல்ல உயரும் ஒரு கிடைச் சுரங்கம். தண்ணீர் தன் எடையாலேயே வெளியே வடிந்துவிடும். அதற்கும் ஆழத்தில் ஊறும் நீரை மட்டும் பம்பு வைத்து அந்த மட்டம் வரை ஏற்றினால் போதும். சுரங்கம் மூடப்படும்போது பம்பு நிற்கிறது, ஆட்கள் போய்விடுகிறார்கள். வடிகால் மட்டும் வேலையை விடுவதில்லை. ஆற்றோரம் நடக்கும்போது, கல் வளைவு கட்டிய ஒரு வாயிலிலிருந்து கணுக்கால் அளவு தண்ணீர் அமைதியாக வழிந்துவருவதைப் பார்த்தால், அது பெரும்பாலும் இத்தகைய வடிகாலாகத்தான் இருக்கும்.

அந்த வாயிலருகே சற்று நின்று பார்ப்பது நல்லது. வெளிவரும் நீர் பல இடங்களில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பத்து இருபது அடி தள்ளி, அதே நீர் ஓடும் கற்கள் முழுவதும் ஆரஞ்சு நிறச் சேறு பூசியிருக்கும். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, வாயிலருகே ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூடிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அதிக அமிலமில்லாத நீராக இருந்தால், நடை முடிந்து திரும்புவதற்குள் அது கலங்கி, அடியில் துருநிறத் தூள் படியத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து எதையும் கலக்கவில்லை. காற்று மட்டும்தான் சேர்ந்தது.

நடந்தது இதுதான். தாது அடுக்குகளிலும் நிலக்கரி அடுக்குகளிலும் பைரைட் என்ற கனிமம் அடிக்கடி கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இது பொன்போல மின்னுவதால் ‘முட்டாள்களின் தங்கம்’ என்ற பெயரைச் சம்பாதித்தது. பாறைக்குள் பூட்டிக் கிடக்கும்வரை அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. சுரங்கம் வெட்டியபோது காற்றும் நீரும் உள்ளே புகுந்தன. பைரைட் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, கந்தகப் பங்கு கந்தக அமிலமாகவும் இரும்புப் பங்கு நீரில் கரையும் ஃபெரஸ் இரும்பாகவும் பிரிந்தன. கரைந்த இந்த இரும்புக்குக் குறிப்பிடத்தக்க நிறம் இல்லை. தெளிந்த நீரின் ரகசியம் அதுவே. வெளியே வந்து ஆக்ஸிஜனைச் சந்தித்ததும் அது ஃபெரிக் இரும்பாக மாறுகிறது. நீரின் அமிலத்தன்மை மிகக் கடுமையாக இல்லாவிட்டால் ஃபெரிக் இரும்பால் கரைந்திருக்க முடியாது, ஆரஞ்சுச் சேறாகப் படிந்துவிடுகிறது.

மலைக்குள்ளே நடப்பது இதைவிடச் சுவையானது. அமிலம் கூடக்கூட, ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காக மாறும் வேகம் இயல்பாகவே மிகவும் குறைந்துவிடும். எனவே வினை தானே தணிந்துபோயிருக்க வேண்டும். தணியாததற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை 1947-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்க நீரை ஆராய்ந்த கோல்மர், ஹிங்கிள் ஆகியோர் காட்டினர். இன்று அசிடிதையோபாசிலஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ் எனப்படும் அந்த நுண்ணுயிர், இரும்பை ஆக்ஸிஜனேற்றம் செய்வதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே உயிர்வாழ்கிறது. வினையின் வேகத்தைப் பத்து லட்சம் மடங்கு வரை கூட்டவும் செய்கிறது. அது உண்டாக்கும் ஃபெரிக் இரும்பு, ஆக்ஸிஜனின் துணையில்லாமலே பைரைட்டை அரித்து, மேலும் அமிலத்தையும் மேலும் ஃபெரஸ் இரும்பையும் தருகிறது. அந்த இரும்பு மறுபடியும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இந்தச் சுழற்சிக்கு முதலாளியும் தேவையில்லை, தொழிலாளியும் தேவையில்லை. ஸ்பெயினில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாகத் தாது எடுக்கப்பட்ட பகுதியில் ஓடும் ரியோ டின்டோ ஆறு, சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குப் பி.எச். மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும், தூய நீருக்கு 7) 2-ஐ ஒட்டிய செந்நீராக ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் எடுக்கப்பட்ட நீரில் பி.எச். மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 என்று அளக்கப்பட்டது.

வடிகால் அடைபட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1991-இல் மூடப்பட்ட வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்தில் நீர் தேங்கி, 1992 ஜனவரியில் அடைப்பை உடைத்துக்கொண்டு கார்னன் ஆற்றில் பாய்ந்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து சுமார் 30 லட்சம் கேலன் நீர் வெளியேறி, அனிமாஸ் ஆற்றையே மஞ்சள் கலந்த ஆரஞ்சாக மாற்றியது.

சுரங்க ஓடை வேறொரு தூய ஓடையோடு கலக்கும் இடம்தான், என்னைக் கேட்டால், முழு நடையிலும் பார்க்க வேண்டிய இடம். நீரின் அமிலத்தன்மை குறையக் குறைய உலோகங்கள் ஒவ்வொன்றாகக் கரைசலைவிட்டு வெளியேறுகின்றன: முதலில் இரும்பு ஆரஞ்சாகப் படியும், சற்றுக் கீழே, பி.எச். 5-ஐ நெருங்கும்போது அலுமினியம் பால்போல வெள்ளையாகப் படியும். கற்களில் கறுப்புப் பூச்சு தெரிந்தால் மாங்கனீசாக இருக்கலாம். பச்சையும் நீலமும் கலந்த கறை செம்பின் அடையாளம். தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மின்னினால், எண்ணெய் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: எண்ணெயாக இருந்தால் உடனே கூடிக்கொள்ளும், இரும்புப் பாக்டீரியாக்களின் படலமாக இருந்தால் உடைந்த ஓடுபோலச் சில்லுகளாகப் பிரிந்து நிற்கும். குழந்தைகள் இதை விட்டு நகர மாட்டார்கள்.

வடிகால் வாயிலுக்குள் நுழையக் கூடாது என்பதற்குப் பாறை சரியும் என்பது மட்டும் காரணமல்ல. மேலே சொன்ன அதே வினை உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுகிறது. அப்படி ஆக்ஸிஜன் குறைந்த காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; சில அடி தூரத்திலேயே ஆள் மயங்கி விழ வாய்ப்பு உண்டு. ஆற்றங்கரை மணலும் கவனிக்க வேண்டியதே: தாதுக் கழிவிலிருந்த ஈயமும் காட்மியமும் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு வண்டலில் தங்கியிருக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு கூடுதலான பங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும். ஆற்று நீரில் கழுவினால் பயனில்லை.

கழிவு மேடுகள் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், ஆனால் முழுவதும் அல்ல. அங்கங்கே புல் திட்டுகள் தெரியும். வேல்ஸ் பகுதியின் ஈயச் சுரங்கக் கழிவில் முளைத்த புல், சாதாரண நிலத்தில் வளரும் அதே இனப் புல்லைக் கொல்லக்கூடிய ஈயச் செறிவைத் தாங்குவதை 1952-இல் அந்தோனி பிராட்ஷா வெளியிட்டார். நச்சைத் தாங்கிய விதைகள் மட்டுமே பிழைத்து இனம் பெருக்கியதால் உருவான மாற்றம் இது. இயற்கைத் தேர்வு வேலை செய்வதை ஒரு மேட்டருகே நின்றே காட்டலாம்.

சில பள்ளத்தாக்குகளில் பாதையோரமாகப் படிப்படியாக நீர் விழும் தொட்டிகளும், அவற்றை அடுத்து நாணல் அடர்ந்த குட்டைகளும் இருக்கும். அவை பூங்காவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. படிகளில் விழுந்து சிதறும்போது நீர் ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்கிறது, குட்டையில் வேகம் தணிந்து இரும்பைப் படியவிடுகிறது, நாணல் வேர்கள் மிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன; அமிலம் அதிகமான இடங்களில் முன்கூட்டியே சுண்ணாம்புக்கல் வாய்க்காலில் நீரை ஓடவிடுகிறார்கள். புட்டிக்குள் நடந்ததே இங்கே ஏக்கர் கணக்கில் நடக்கிறது. குட்டை நிரம்பும்போது சேற்றை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அப்படிச் சுரங்க நீரிலிருந்து பிரித்த இரும்புத் தூளைக் காய்ச்சி அரைத்து, ஓவியர்களுக்கான எண்ணெய் வண்ணம் தயாரிக்கிறார்கள்.