வாணலிக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல்

"ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலத்தில் பேனாவும் (pen) வாணலியும் (pan) ஒன்றுதான். இரண்டையும் 'பென்' என்றே படிக்கிறாள். எழுத்து தெரியவில்லையா, காதில் கோளாறா?" ஒரு வாசகியின் கேள்வி இது.

எழுத்தும் தெரியும், காதும் கேட்கும். வாணலியின் நடுவில் இருக்கும் உயிரொலிக்குத் தமிழில் வீடு இல்லை, அவ்வளவுதான். பூனைக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கேட்'. வாசற்கதவும் 'கேட்'. வாணலியை எழுதப்போனால் 'பேன்' என்று தலையில் ஊர ஆரம்பித்துவிடுகிறது. பழைய பத்திரிகைகளில் 'பாங்க்' என்று இருக்கும், இப்போது 'பேங்க்' என்கிறோம். ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் நிற்கும் ஒலியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். சிங்களத்தில் இதற்கென்றே தனி எழுத்து உண்டு.

வகுப்பில் இதை 'ஷார்ட் ஏ', அதாவது குறில் ஏ, என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வம்பு அங்கேதான். நமக்குக் குறில் என்றால் நேரக்கணக்கு. ஒரு மாத்திரை, கண் இமைக்கும் பொழுது. ஆகவே குழந்தை ஏ-வைச் சுருக்கி எ ஆக்குகிறது. வாணலி 'பென்' ஆகிறது. தமிழ்க் கணக்கில் அவள் போட்ட விடை சரி! ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பழைய காலத்து மிச்சம். சுமார் 1400க்கும் 1700க்கும் இடையில் அந்த மொழியின் நெடில்கள் வரிசையாக இடம் மாறிவிட்டன. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றன. இன்று இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் நேரம் இல்லை, வாய்க்குள் நாக்கு இருக்கும் இடம். வாணலியின் 'குறில்' பல நேரம் நெடிலுக்குச் சமமாகவே நீளும்.

சரி, நாக்கு இடம் மாறினால் ஒலி ஏன் மாற வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கிசுகிசுப்பாக 'ஈ, ஏ, ஆ' என்று சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதிரவே இல்லை, ஆனாலும் மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். அப்படியென்றால் உயிரொலியின் அடையாளம் குரலில் இல்லை, தொண்டையும் வாயும் சேர்ந்த அந்தக் குழிக்குள் இருக்கிறது.

அதைத் தட்டியே கேட்கலாம். கனமான மூட்டையைத் தூக்கும்போது மூச்சை அடைப்போமே, அப்படித் தொண்டையை அடைத்துக்கொள்ளுங்கள். குரல்வளைக்குச் சற்று மேலே, கழுத்தின் பக்கவாட்டில் விரலால் மெல்லச் சுண்டுங்கள். சுண்டிக்கொண்டே, சத்தமில்லாமல், வாயை ஈ வடிவிலிருந்து ஏ, ஆ என்று திறந்துகொண்டே போங்கள். 'டொக்' என்ற மங்கலான ஒலி படிப்படியாகச் சுதி ஏறும். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் ஒலியைத் தாழ்த்தி உயர்த்துகிறாரே, அதே கதை. வாய் குறுகினால் சுதி இறங்கும், அகன்றால் ஏறும். நாம் கடத்தைக் கழுத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு திரிகிறோம்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் பீட்டர்சனும் பார்னியும் 76 பேரைப் பேசவைத்து இந்தச் சுதிகளை அளந்து வெளியிட்டார்கள். குண்டூசி (pin), பேனா, வாணலி மூன்றின் ஆங்கிலச் சொற்களில் வரும் உயிரொலிகளுக்கு, ஆண்குரலில் சராசரியாக 390, 530, 660 ஹெர்ட்ஸ் வந்தது. ஏணிப்படி மாதிரி. நாக்கு முன்னால் வரும் அளவைக் காட்டும் இரண்டாவது சுதி ஒன்றும் உண்டு. அது இந்த மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைகிறது, அதனால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

தமிழ்க் காது இந்த ஏணியில் முதல் படியை இ என்றும், அடுத்ததை எ என்றும் வைத்திருக்கிறது. மூன்றாவது படி இல்லாததால் வாணலி வழுக்கி எ-வில் விழுகிறது. இந்த வழுக்கல் மிகச் சீக்கிரமே தொடங்குகிறது. 1992இல் வெளிவந்த ஆய்வில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்க, ஸ்வீடன் குழந்தைகளைச் சோதித்தபோது, ஆறு மாதத்திலேயே காது தாய்மொழி உயிரொலிகளைச் சுற்றி வளைந்துவிட்டிருந்தது. காந்தத்தின் அருகே இரும்புத்தூள் போல, பக்கத்து ஒலிகள் பழகிய ஒலியோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. நாக்கில் வசம்பைத் தேய்ப்பதால் இதில் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் 'மூளை விழிப்பு' வகுப்புகளாலும்தான்.

பிறகு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? காது பிரிக்காததைத் தாடை பிரிக்கும். என் அக்கா மகனிடம் கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் வைக்கச் சொன்னேன். முதலில் 'இலை' என்றான். அடுத்து, வீட்டில் சொல்வதுபோல 'எலை'. விரல் ஒரு படி இறங்கியது. 'இன்னும் ஒரு படி இறக்குடா, ஆ வரைக்கும் போகாதே' என்றேன். இரண்டு முறை ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான், மூன்றாவது முறை வாணலி வந்துவிட்டது. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று வகுப்பில் அதட்டும் ஆசிரியர்கள் இந்த இலை, எலையை எவ்வளவு நல்ல பாடக்கருவியாக்கியிருக்கலாம்! வாய் மாறுவதைக் காட்ட ஒரு முகக்கண்ணாடி போதும், பள்ளிகள் விற்கும் விலையுயர்ந்த பாட அட்டைப் பெட்டிகள் தேவையில்லை.

அறிமுகம் செய்யும்போது பேனாவையும் வாணலியையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதலில் குண்டூசியும் வாணலியும். இரண்டு படி தள்ளி இருப்பதால் குழப்பம் குறைவு. பேனா அப்புறம் நடுவில் வந்து உட்காரட்டும். எ-வுக்கு முட்டைப் படம் காட்டுவதும் நமக்கு உதவாது. எலியை 'யெலி' என்னும் வாய்க்கு முட்டையும் 'யெக்' ஆகிவிடும். பேனா, கோழி மாதிரி மெய்யில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லே மேல்.

போன வாரம் பேருந்தில் போகும்போது அக்கா மகன் மோவாய்க்கடியில் விரலை வைத்துக்கொண்டு ஒரு பலகையைப் படித்தான். நடுவாந்தர ஒலி, கச்சிதமாக. பக்கத்தில் இருந்த அவன் தாத்தா திருத்தினார்: "பாங்க்குடா அது."