காக்பிட்: சொல் விளக்கம்

விமானத்தை ஓட்டுபவர் அமர்ந்து இயக்கும் இடம் காக்பிட். அளவு மாதிரி விமானம் செய்பவர்களிடம் இந்தச் சொல்லுக்கு இன்னும் குறுகிய பொருள் உண்டு. இருக்கை, கருவிப் பலகை, பக்கச் சுவர்கள், கட்டுப்பாட்டுத் தண்டு, கால்மிதிகள் எல்லாவற்றையும் கோத்து, வண்ணமும் பூசி, உடற்பகுதியின் இரு பாதிகளை ஒட்டுவதற்கு முன் உள்ளே இறக்கும் தனித் தொகுதிதான் அவர்களுக்குக் காக்பிட். அதன் தரையும் சுவரும் சேர்ந்த பகுதியை 'டப்' என்பார்கள். தொட்டி என்று தமிழில் சொன்னாலே போதும்.

சொல்லைப் பிரித்தால் கிடைப்பது சேவற்குழி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சேவற்சண்டை நடக்கும் பள்ளத்துக்கு இந்தப் பெயர். பின்னர் அது கப்பலேறியது. போர்க்கப்பல்களின் கீழ்த்தளத்தில் இளநிலை அலுவலர்கள் தங்கிய, சண்டை நேரத்தில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் நடந்த, இருண்ட நெரிசலான பகுதியைக் காக்பிட் என்றார்கள். 1805இல் டிரஃபால்கர் போரில் குண்டடிபட்ட நெல்சன், விக்டரி கப்பலின் காக்பிட்டில்தான் இறந்தார். அடுத்து, சிறிய பாய்மரப் படகில் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த பள்ளத்துக்கு அந்தப் பெயர் போனது. அங்கிருந்து விமானத்துக்கு வந்தது. 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஓட்டுபவர் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்திருந்தார். பள்ளம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. உடற்பகுதிக்குள் இறங்கி உட்காரும் விமானங்கள் வந்த பிறகு, முதல் உலகப் போர்க் காலத்தில், சொல் நிலைத்தது. படகுத் தலைவரைக் குறிக்கும் 'காக்ஸ்வெயின்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுவோரும் உண்டு. அகராதிகள் பெரும்பாலும் சேவலின் பக்கமே நிற்கின்றன.

தமிழில் செய்தித்தாள்கள் 'விமானி அறை' என்று எழுதுகின்றன. கதவைத் திறந்து உள்ளே போகும் பயணிகள் விமானத்துக்கு இது சரி. ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் அறை எங்கே இருக்கிறது? தோளுக்கு இருபுறமும் ஒரு சாண் கூட இடம் இராது. 'குழி' மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் தமிழ்க் காதில் புதைகுழியாக ஒலிக்கும். ஓட்டுபவருக்குப் பழைய சொல் நம்மிடம் இருக்கிறது: வலவன். தேர் செலுத்துபவனைக் குறித்த இதைப் புறநானூற்றின் 27ஆம் பாட்டு வானத்துக்கே ஏற்றி, 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறது. நெருக்கமான இடத்துக்குக் 'கூடு' பொருந்தும். ஆகவே பெரிய விமானத்துக்கு விமானி அறை, போர் விமானத்துக்கு வலவன்கூடு என்று பிரித்து வழங்கலாம் என்பது எங்கள் பரிந்துரை. மாதிரி செய்பவருக்கு இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அறையில் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தெரிவது கொஞ்சம். கூட்டில் மேலுள்ள கண்ணாடி மூடியைத் திறந்து வைத்தால் எல்லாமே தெரியும். எவ்வளவு உழைப்பு தேவை என்பதை அதுவே சொல்லிவிடும்.

கூட்டின் நுணுக்க வேலை அளவுக் கணக்கில் தொடங்குகிறது. விமானக் கருவிகளின் வழக்கமான முகப்பு ஏறக்குறைய 80 மி.மீ. அது 1/72இல், அதாவது அசலில் 72இல் ஒரு பங்கான மாதிரியில், 1.1 மி.மீ., 1/48இல் 1.7, 1/32இல் 2.5. இருக்கைப் பட்டையின் அகலம் 45 முதல் 50 மி.மீ. என்பதால் 1/48இல் அது 1 மி.மீ. தான். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உடற்சுவரின் தடிமனோ 1 முதல் 1.5 மி.மீ.; 1/48இல் இது உண்மையில் 48 முதல் 72 மி.மீ. சுவருக்குச் சமம். அசல் விமானத்தின் அலுமினியத் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. எனவே கூட்டின் விளிம்பு வெளியே தெரியும் இடங்களிலாவது உட்பக்கத்தைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும்.

ரெசின் என்னும் பிசினில் வார்த்துத் தனியாக விற்கும் தொட்டியை வாங்கிப் பொருத்துபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். முதலில் சோப்பு நீரில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்ணம் உரியும். வார்க்கும்போது அடியில் ஒட்டி நிற்கும் வார்ப்புக் கட்டியை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி அணிந்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு பசையின்றி உடற்பகுதியின் இரு பாதிகளையும் இறக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிகள் மூடிக்கொண்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தொட்டியின் அடி இறக்கையின் நடுப்பகுதியில் இடித்து, இறக்கை நுனியை நோக்கி மேலேறும் ஏற்றக்கோணத்தையே மாற்றிவிடுவது அப்போது தெரிவதில்லை.

நிறம் நாட்டையும் காலத்தையும் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானங்களுக்குச் சாம்பற்பச்சை. ஜெர்மன் விமானங்களுக்கு முதலில் ஆர்.எல்.எம். (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிறப் பட்டியல்) 02 என்னும் பச்சை கலந்த சாம்பல், பின்னர் கரும்சாம்பலான 66. சோவியத் ஜெட்களுக்கு நீலப்பச்சை. அண்மைக்கால அமெரிக்கப் போர் விமானங்களுக்கு எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிறத் தரப்பட்டியல்) 36231 என்னும் சாம்பல். ஆர்.எல்.எம். 66ஐ அப்படியே பூசினால் அந்தச் சின்னப் பள்ளம் கரும்புள்ளியாகிவிடும். கொஞ்சம் வெளிர்சாம்பல் கலந்து பூசுவது நல்லது.

பூசும் வரிசையை மாற்றக் கூடாது. வண்ணம் பிடிக்க உதவும் பிரைமர், அடிநிறம், பளபளப்பு வார்னிஷ், பிறகு வாஷ் எனப்படும் நீர்த்த கருநிறம், அதன்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், கடைசியாகக் காய்ந்த தூரிகையால் மேடுகளில் வெளிர் நிறம். அடிநிறம் அக்ரிலிக்காக இருந்தால் எனாமல் வாஷ் பாதுகாப்பு. அடியும் எனாமல் என்றால் வாஷின் கரைப்பான் அதைக் கிளப்பிவிடும். பளபளப்புப் பூச்சைத் தவிர்த்தால் வாஷ் மூலைகளில் தங்காமல் எங்கும் கறையாகப் பரவும். கருவி முகப்புகளுக்குக் கண்ணாடிபோல் வைக்கும் பளபளப்பு வார்னிஷ் துளி எல்லாவற்றுக்கும் கடைசி. முன்பே வைத்தால் மேட் பூச்சு அதை மங்கடித்துவிடும்.

மெல்லிய தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த பித்தளை இருக்கைப் பட்டைகள் விறைப்பானவை. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கணம் காட்டி ஆறவிட்டால் இளகி, இருக்கையின் மேல் துணி போலவே படியும். அதிகம் காட்டினால் உருகிப்போகும். முன்பே நிறமிட்டு வரும் பட்டைகளுக்கு இந்த வழி கிடையாது, நிறம் கருகிவிடும். அவற்றை விரலாலும் இடுக்கியாலும் பொறுமையாக வளைக்க வேண்டியதுதான். உலோகத்தை ஒட்டச் சூப்பர் குளு தேவை. ஆனால் அது காயும்போது எழும் ஆவி, அருகிலுள்ள கண்ணாடி மூடியை வெண்பனி படர்ந்ததுபோல் ஆக்கிவிடும். அதனால் கூட்டில் இட்ட பசை முழுதும் காய்ந்த பிறகே மூடியைக் கொண்டுவர வேண்டும். மூடியை ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும்.

கூட்டை அடுத்து எஞ்சின். இந்தச் சொல் 'அறிவுத்திறன்' என்னும் பொருளுள்ள லத்தீன் 'இன்கெனியம்' வழி வந்தது. தமிழில் பொறி. இதற்குப் பறத்தலோடு பழைய உறவும் உண்டு: சீவக சிந்தாமணியில் அரசி ஏறிச் செல்லும் மயிற்பொறி, முறுக்கை வலப்புறம் திருப்பினால் எழும்பும், இடப்புறம் திருப்பினால் இறங்கும்.

மாதிரியில் அதிகம் உழைப்பு வாங்குவது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் எஞ்சின். பிராட் அண்ட் விட்னி ஆர்-2800ஐ எடுத்துக்கொண்டால், ஒன்பது ஒன்பதாக இரு வரிசையில் 18 சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள். ஆக 36 கம்பிகள். 1/48இல் 0.15 மி.மீ. செப்புக் கம்பி அசலில் 7 மி.மீ. ஆகிறது, பொருத்தமான தடிமன். கையில் கிடைக்கிறதே என்று 0.4 மி.மீ. கம்பியைப் போட்டால் அது 19 மி.மீ. குழாயாகத் தெரியும். கம்பிகள் புறப்படும் முன்பக்க வளையத்தில், கையால் சுழற்றித் துளையிடும் கைத்துரப்பணத்தால் 0.2 மி.மீ. துளைகள் இட்டு, சிலிண்டர்களுக்கு நிறமும் வாஷும் முடிந்த பின்னரே கம்பிகளைச் செருக வேண்டும். முதலில் செருகினால் சிலிண்டரைச் சுற்றிய குளிர்விப்புத் துடுப்புகளுக்கு இடையே தூரிகை போகாது.

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் எல்லா வட்ட எஞ்சின்களும் ஒரே அமைப்பு அல்ல. பிரிஸ்டல் ஹெர்குலிஸ் என்னும் பிரிட்டிஷ் எஞ்சினின் 14 சிலிண்டர்களும் உறைவால்வு முறையில், அதாவது சிலிண்டருக்குள் அசையும் உறையே வால்வாக, இயங்குபவை. அவற்றில் வால்வுகளைத் திறக்கும் தள்ளுதண்டுகளே இல்லை. வேறு எஞ்சினைப் பார்த்துப் பழகிய கையால் அங்கே தண்டுகளை ஒட்டிவிட்டால், விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்குதான் போய் நிற்கும். எஞ்சின் உறையை மூடியே வைப்பதென்றால் 36 கம்பிகளும் வேண்டியதில்லை. முன்வரிசைக்கு இழுத்துவிட்டு, பின்னோக்கிப் போகும் கம்பிகளை இரு சிலிண்டர்களுக்கு நடுவே நுழைத்து அங்கேயே முடித்துவிடலாம்.