ஐம்பதாயிரம் பங்குகளும் ஒரு பாக்குவெட்டியும்

திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர் வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து பச்சை ரெக்சின் அட்டை போட்ட தடித்த ஃபைல் ஒன்றையும், பாக்குவெட்டி போன்ற இரும்புச் சாமானையும் எடுத்து என் மேசைமேல் வைத்தார். அந்தப் பாக்குவெட்டி, கம்பெனி முத்திரையைத் தாளில் புடைப்பாகப் பதிக்கும் அச்சு. 2008இல் ஹாங்காங்கில் பையிங் ஆபீஸ் வைத்திருந்தபோது, கரீபியன் கடலில் இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான கம்பெனி ஒன்றை வாங்கியிருக்கிறார். தொழிலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. இப்போது ஹாங்காங் வங்கியிலிருந்து கடிதம்: உங்கள் கம்பெனி பதிவேட்டில் இல்லை, கணக்கை முடக்கியிருக்கிறோம்.

"வருஷா வருஷம் வக்கீல் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன், ஆடிட்டர் சார்" என்றார்.

இதே வாக்கியத்தை வேறு சிலரிடமும் கேட்டிருக்கிறேன். ஃபைலின் முகப்பில் தங்க எழுத்தில் ஒரு பெயரும் கரீபியன் முகவரியும் இருந்தால், அங்கே யாரோ நம் கம்பெனிக்குக் காவல் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த ஊர் வக்கீல் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன என்று தெரிந்தால் இந்த நினைப்பு போய்விடும்.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பெரியது டார்டோலா. அதன் ரோடு டவுனில் ஹார்னீஸ் என்ற வக்கீல் நிறுவனம் தொடங்கியது 1960இல். முழுப்பெயர் ஹார்னி வெஸ்ட்வுட் அண்ட் ரீகல்ஸ். அந்தத் தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி, ஆனால் புழங்குவது அமெரிக்க டாலர். இன்றைக்கே மக்கள்தொகை முப்பதாயிரத்தை ஒட்டித்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வக்கீலுக்கு நிலத் தகராறையும் உயிலையும் விட்டால் என்ன பெரிய வேலை இருந்திருக்கும்?

திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்காவுடன் அந்தத் தீவுகளுக்கு இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம், அதாவது ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் வரி விழாமல் பார்க்கும் ஒப்பந்தம், இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ள 1970களில் நியூயார்க் வக்கீல்கள் டார்டோலாவில் கம்பெனிகளைப் பதிந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ததும் வரும்படி நின்றுபோயிற்று. அப்போது ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு புதுச் சட்டத்தை எழுதினார்கள். அரசின் தலைமை வக்கீலாக இருந்த லூயிஸ் ஹன்ட், வால் ஸ்ட்ரீட் வக்கீல் பால் பட்லர், ஹார்னீஸின் நெவில் வெஸ்ட்வுட், மைக்கேல் ரீகல்ஸ், ரிச்சர்ட் பீட்டர்ஸ். அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கம்பெனிச் சட்டம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. 1984இல் சர்வதேச வணிகக் கம்பெனிகள் சட்டம் வந்தது. தொழில் செய்யப்போகிற வக்கீல்களே தொழிலுக்கான சட்டத்தையும் எழுதியது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. கெட்டிக்காரத்தனமா, அத்துமீறலா என்று கேட்டால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பேன்.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் முக்கியம். உள்ளூர் வருமான வரி இல்லை. ஆண்டுக் கணக்கை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இயக்குநர் பெயரைப் பொதுப் பதிவேட்டில் போட வேண்டியதில்லை. உள்ளூரில் உரிமம் பெற்ற பதிவு முகவர் ஒருவரும், வருடாந்திரக் கட்டணமும் இருந்தால் போதும். அனுமதிக்கப்பட்ட மூலதனம் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டினால் அந்தக் கட்டணம் ஏறும். பின்னால் 2004இல் வந்த புதுச் சட்டத்தில் அந்த வரம்பு ஐம்பதாயிரம் பங்குகள் என்று ஆயிற்று. அதனால்தான் உலகம் முழுக்க இந்த ஃபைல்களைத் திறந்தால் 'ஐம்பதாயிரம் பங்குகள்' என்றே இருக்கிறது. திருப்பூர்க்காரரின் கம்பெனியிலும் அதே எண். அதில் ஒரே ஒரு பங்குதான் அவர் பெயரில் வெளியிடப்பட்டிருந்தது. மீதி 49,999 எங்கே என்று அவர் கவலையோடு கேட்டார். எங்கேயும் இல்லை, அது வெறும் உச்சவரம்பு.

பிறகு அதிர்ஷ்டம் அடுத்தடுத்து வந்தது. 1989 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் நுழைந்ததும், அங்கே கம்பெனி பதிந்தவர்கள் டார்டோலா பக்கம் திரும்பினார்கள். 1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறுவதை நினைத்துக் கலங்கிய ஹாங்காங் வணிகர்களும் வந்தார்கள். அங்கே 'பி.வி.ஐ.' என்ற மூன்றெழுத்தே (பிரிட்டிஷ் வர்ஜின் ஐலண்ட்ஸ் என்பதன் சுருக்கம்) வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பொதுப்பெயர் ஆயிற்று. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே வக்கீல்களும் போனார்கள். ஹார்னீஸ் லண்டன், ஹாங்காங், சிங்கப்பூர் என்று கிளை பரப்பியது. கம்பெனிப் பதிவு வேலையைத் தனி நிறுவனமாகப் பிரித்ததும் இந்தத் தொழிலில் பொதுவான வழக்கம்.

நம்மவர்கள் தவறவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். பதிவு முகவர் வேறு, உங்கள் வக்கீல் வேறு. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும்கூட. முகவரின் வேலை முகவரி தருவது, ஆவணங்களை வைத்திருப்பது, கட்டணம் வந்தால் அரசுக்குக் கட்டுவது, நீங்கள் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது. உங்கள் கம்பெனி எதற்கு இருக்கிறது என்று யோசிப்பது அவர் வேலையே அல்ல. இருபது வருடம் முன்பு விசாரணைகூட மேலோட்டமாகத்தான் இருந்தது. 2016இல் பனாமா ஆவணங்கள், அதாவது பனாமா வக்கீல் நிறுவனம் ஒன்றின் ரகசிய ஃபைல்கள், கசிந்தபோது அதில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவானவை. அதன்பின் பிடி இறுகிவிட்டது. 2019 முதல் பொருளாதார இருப்புச் சட்டம்: சில வகைத் தொழில் செய்யும் கம்பெனிகள் அங்கே நிஜமாகவே இயங்குவதைக் காட்ட வேண்டும். 2023 முதல் முகவரிடம் ஆண்டுக் கணக்குச் சுருக்கம் கொடுத்தாக வேண்டும்.

அதே 2023 ஜனவரியில் இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பெல்லாம் கட்டணம் கட்டாத கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டாலும் ஏழு வருடம் அரை உயிரோடு கிடக்கும். இப்போது நீக்கிய அன்றே கலைக்கப்பட்டதாகக் கணக்கு. மீதமிருக்கும் சொத்து அரசைச் சேரும். ஐந்து வருடத்துக்குள் மீட்பு மனு போடலாம். நம் திருப்பூர்க்காரருக்கு நடந்தது இதுதான். நினைவூட்டல்கள் எல்லாம் அவர் எப்போதோ கைவிட்ட ஹாங்காங் அலுவலக மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன.

உள்ளூர்ப் பக்கம் இன்னும் மோசம். இந்தியாவில் வசிப்பவராகிவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கையும் வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். கம்பெனி ஒரு பைசா சம்பாதிக்காவிட்டாலும்தான். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் ஓர் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். அவர் எந்த ஆண்டும் காட்டவில்லை. ஒளிக்கும் எண்ணமில்லை, கம்பெனி இருந்ததே மறந்துவிட்டது.

முதலில் மீட்பு மனுவைக் கையில் எடுத்தோம். முகவர் உடனே பட்டியல் அனுப்பினார்: நோட்டரி சான்று வாங்கிய பாஸ்போர்ட் நகல், பணம் வந்த வழிக்கு ஆதாரம், மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது. முதல் இரண்டும் கிடைத்துவிட்டன. மூன்றாவதைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். வீட்டு மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறதாம். டார்டோலாவுக்கு விளக்கம் எழுதும் முன், மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்ற மனு கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.